ஒரு குழந்தையால் புரளும் பட்டியல்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லவிங் என்றொரு கவுண்டி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் மொத்தமே 64 பேர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலோ ஒரு கோடிப் பேர். மாநிலத்துக்கு அடுத்த படியில் உள்ள நிர்வாகப் பிரிவு என்ற வகையில் காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். பிள்ளைகள் எங்கே நன்றாக இருக்கிறார்கள் என்று கவுண்டிவாரியாகப் பட்டியல் போட உட்காருகிறவர்களுக்குத் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

நலனைத் தராசில் வைக்க முடியாது. அதனால் எண்ண முடிந்ததை எண்ணுகிறார்கள். வறுமையில் வாழும் பிள்ளைகள் எத்தனை சதவீதம்? 2,500 கிராமுக்குக் குறைவான எடையில் பிறந்தவர்கள் எத்தனை? 16 முதல் 19 வயதுக்குள் படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருப்பவர்கள் எத்தனை? அன்னி ஈ. கேசி அறக்கட்டளையின் 'கிட்ஸ் கவுண்ட்' அறிக்கை 1990 முதல் மாநிலங்களை இப்படித்தான் ஒப்பிட்டு வருகிறது. சதவீதத்தையும் 'ஆயிரத்துக்கு இத்தனை' என்பதையும் அப்படியே கூட்ட முடியாது. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி வழக்கமாகச் சிதறும் தூரம்) தள்ளி நிற்கிறது என்று மாற்றிக்கொண்டுதான் கூட்ட வேண்டும்.

மாநில அளவில் சாதுவாக இருக்கும் இந்தக் கணக்கு, கவுண்டிக்கு இறங்கியதும் முரண்டு பிடிக்கும். ஆண்டுக்கு 100 குழந்தைகள் பிறக்கும் கவுண்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிசு இறந்துவிட்டால் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 10. 2022இல் நாட்டின் சராசரியே 5.6தான். மறு ஆண்டு ஒரு இறப்பும் இல்லை, விகிதம் பூஜ்யம். கடைசி வரிசையில் கிடந்த ஊர் முதல் இடத்துக்கு ஏறிவிடுகிறது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே தண்ணீர். எந்தத் தரவரிசையிலும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் குட்டிக் கவுண்டிகளே குவிந்து கிடப்பது இதனால்தான். இப்படியொரு பட்டியல் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது மக்கள்தொகையைத்தான். இருபதுக்கும் குறைவான இறப்புகளை வைத்துப் போட்ட விகிதத்தை நம்பத்தகாதது என்று அமெரிக்க தேசிய சுகாதாரப் புள்ளியியல் மையமே ஒதுக்குகிறது.

இதற்கு ஒரு வழி, ஆண்டுகளைச் சேர்ப்பது. மாதிரிக்குச் சில வீடுகளை மட்டும் கேட்டு எடுக்கும் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு, 65,000 பேருக்குக் குறைவான இடங்களுக்கு ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்தே விரிவான மதிப்பீடு தருகிறது. ஆனால் போன வருடம் மூடிய ஆலையின் அடி இதில் நீர்த்துப்போய்த்தான் தெரியும்.

இன்னொரு வழி, கைமாற்று வாங்குவது. கணக்கெடுப்பு பஞ்சமாக இருக்கும் கவுண்டிக்கு, வருமான வரிக் கணக்கு, உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு, மற்ற கவுண்டிகளில் தெரியும் உறவை வைத்து ஒரு கணிப்புப் போடுகிறார்கள். நேரடித் தரவு எவ்வளவு மெலிந்ததோ, அந்த அளவுக்குக் கணிப்பின் பக்கம் சாய்கிறார்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையான சென்சஸ் பியூரோ ஆண்டுதோறும் குழந்தை வறுமையை இப்படித்தான் மதிப்பிடுகிறது. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கான 'டைட்டில் 1' நிதியைப் பிரிப்பதும் இந்த எண்களை வைத்துத்தான்.