குளத்து மீனைக் கொன்றது இடியா, ஓடையா?

"மே கடைசியில் முதல் பெருமழை விழுந்த மறுநாள் எங்கள் குளத்தில் மீன் செத்து மிதக்கிறது. இடி இறங்கியதுதான் காரணம் என்கிறார்கள், சரியா?" என்று குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

செத்தவை எவை என்று முதலில் பாருங்கள். கெண்டை செத்து, விராலும் பனையேறியும் பிழைத்திருந்தால் இடியை விட்டுவிடலாம். இடிக்கு மீன் வகை தெரியாது. விராலும் பனையேறியும் மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கும், கெண்டைக்கு நீரில் கரைந்த ஆக்சிஜன்தான் கதி. 30 டிகிரி வெப்பத்தில் நல்ல நீரிலேயே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுதான் ஆக்சிஜன் கரையும். அது 2-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது.

அந்த ஆக்சிஜனைத் தின்பது தெருவோர ஓடை கொண்டுவரும் அழுக்கில் பெருகும் பாக்டீரியா. கோடை முழுக்க ரோட்டில் டயர் தேய்ந்த தூள், ஒர்க்ஷாப் எண்ணெய், மீன்சந்தைக் கழிவு, ஆட்டுப் புழுக்கை எல்லாம் சேர்ந்து கிடக்கும். இடவப்பாதியின், அதாவது தென்மேற்குப் பருவத்தின், முதல் மழை அத்தனையையும் ஒரே தவணையில் அள்ளிவரும். ரப்பர் ஷீட் அடித்தபின் மிஞ்சும் ஆசிட் தண்ணியையும் ஓடையில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பார்மிக் ஆசிட் மட்டுமல்ல, ரப்பர் பாலின் புரதமும் சர்க்கரையும் இருக்கின்றன. பாக்டீரியாவுக்கு விருந்து. அதைத் தனிக்குழியில் விட்டுச் சுண்ணாம்பு போட வேண்டும், ஓடைப் பக்கமே வரக்கூடாது.

மற்றதை என்ன செய்வது? 200 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். பரப்பு 800 சதுர மீட்டர். மணிக்கு 22 மி.மீ. வேகத்தில் மழை அடித்தால் நொடிக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ஓடிவரும். ஓடையின் கடைசியில் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டுகிறோம். தண்ணீர் அதில் 10 நிமிடம் தங்கும்.

'இன்னும் ஆழமாகத் தோண்டினால் நல்லா படியுமே' என்று தோன்றும். இங்கேதான் வேடிக்கை. ஆழத்தை 2 மீட்டராக்கினால் தண்ணீர் 20 நிமிடம் தங்கும், உண்மைதான். ஆனால் தூசு விழ வேண்டிய தூரமும் இரட்டிப்பாகிவிட்டதே! இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. மிஞ்சுவது தொட்டியின் மேற்பரப்பு ஒன்றுதான். நொடிக்கு 5 லிட்டரை 3 சதுர மீட்டரால் வகுத்தால் நொடிக்கு 1.7 மி.மீ. அதைவிட வேகமாக விழும் துகள் சிக்கும், மெதுவாக விழுவதில் பெரும்பங்கு தப்பிவிடும். அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் 1904-லேயே இதை எழுதிவிட்டார். ஆழம் வேண்டியது சேறு சேர்வதற்கும், சேர்ந்த சேறு கலங்காமல் இருப்பதற்கும்தான்.

விழும் வேகமோ துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.1 மி.மீ. மணல் நொடிக்குச் சுமார் 9 மி.மீ. விழும், சிக்கிவிடும். பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள வண்டல் நூறில் ஒரு பங்கு வேகத்தில் விழும். ஒரு மீட்டர் இறங்க மூன்று மணி நேரம். சங்கடம் என்னவென்றால், ஒரே எடைக்குப் பத்து மடங்கு பொடியான தூளுக்குப் பரப்பு பத்து மடங்கு. டயரிலிருந்து வரும் துத்தநாகமும், பாஸ்பரஸும் ஒட்டிக்கொள்வது அந்தப் பரப்பில்தான். தொட்டி எடையைப் பிடிக்கும், நஞ்சில் பெரும்பங்கை நழுவவிடும்.

ஆகவே அந்தப் பொடியை வடிகட்டத் தொட்டிக்கு அடுத்து மணல் படுகை வேண்டும். அதே தெருவில் முதல் 10 மி.மீ. மழைக்கு 8,000 லிட்டர். 40 சதுர மீட்டர் பள்ளத்தில் 20 செ.மீ. உயரம் நின்றால் கணக்குச் சரி. அடியில் 60 செ.மீ. கனத்துக்குப் பருமணல், அதில் கொஞ்சம் தோட்டமண், மேலே கல்வாழை. எம்-சாண்ட் என்றால் கழுவிப் போடுங்கள், இல்லாவிட்டால் பாறைத்தூள் ஒரே பருவத்தில் அடைத்துவிடும். செடி செழிக்கட்டும் என்று சாணியுரத்தைக் கொட்டினால் அதன் பாஸ்பரஸே குளத்துக்குக் கசியும். நின்ற நீர் ஒரு நாளில் வடிய வேண்டும். மணிக்கு 1 செ.மீ. கூடக் குறையாவிட்டால் மேல்மண்ணைச் சுரண்டி மாற்றுங்கள், கொசு முட்டையிட இடம் கொடுக்காதீர்கள். பெருமழைக்கு வழிந்தோட ஒரு வாய் கட்டாயம்.

தொட்டியின் வெளிவாயில் வெறும் குழாய் வைத்தால் எண்ணெய் மிதந்தே போய்விடும். ஆறு அங்குல 'டீ' (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு, கீழ்க்கால் நீருக்குள் 30 செ.மீ. இறங்கும்படி வையுங்கள். மேல்வாய் திறந்திருக்கட்டும், மூடினால் சைபன் ஆகி எண்ணெயோடு இழுத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட மலிவானது மே கடைசி வாரத்திலும் ஐப்பசிக்கு முன்னும் தெருவைத் தண்ணீர் விடாமல் கூட்டி அள்ளுவது. ஓடைச்சுவருக்குக் கான்கிரீட் போட்டால் பெரிய பில் வரும், துடைப்பத்துக்கு வராது. அதனால்தான் இந்த வேலைக்கு ஆளில்லை என்பது என் எண்ணம். தூர்வாரிய சேற்றை ஓடைக்கரையிலேயே குவித்துவைப்பது அதைவிடக் கொடுமை, அடுத்த மழைக்கு அது திரும்ப உள்ளேதான் போகும். அன்றே வண்டியில் ஏற்றிவிடுங்கள். கறுப்பாக, சத்தானதுபோல் தெரியும். கீரைப்பாத்திக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். துத்தநாகம் அதிலும் இருக்கும்.