சிகாகோவைத் தாண்டிப் பறக்கும் சரக்கு விமானம்

ஹாங்காங்கில் சரக்கு ஏற்றிய போயிங் 747 ஒன்று அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்கிறது. அடுத்து அமெரிக்காவின் நடுப்பகுதியை நோக்கிப் பறக்கிறது. சிகாகோவின் ஓஹேர் விமான நிலையம் கிட்டத்தட்ட அதன் வழியிலேயே இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய சரக்கு வாசல்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் விமானம் அங்கே இறங்காமல் இன்னும் 450 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்குத் தெற்கே உள்ள ரிக்கன்பேக்கரில் போய் இறங்குகிறது. கேத்தே பசிபிக் விமான நிறுவனம் 2014இல் ஹாங்காங்கிலிருந்து அங்கே சரக்கு சேவையைத் தொடங்கியது. பயணிகளோ அந்த நிலையத்தை அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை.

அந்தக் கூடுதல் அரை மணி நேரத்துக்கு 747 சுமார் 5 டன் எரிபொருளைக் குடித்துவிடும். அதே தூரத்துக்கு லாரியில் கொண்டுபோனால் செலவு மிகக் குறைவு. அப்படியிருந்தும் இது எப்படிக் கட்டுப்படியாகிறது?

விமான நிறுவனம் கேட்கும் கிலோ விலையிலிருந்து தொடங்குவோம். விமானத்தில் எடைக்கும் காசு, இடத்துக்கும் காசு. பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் வருவது ‘வால்யூம் வெயிட்’. இதையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் பில். 60 × 50 × 40 அளவில் 12 கிலோ துணிப்பெட்டி ஒன்று இருந்தால் 20 கிலோவுக்குப் பணம் கட்டவேண்டும். இந்தக் கணக்கு எந்த விமான நிலையத்துக்கும் பொது. அதனால் பெட்டியைச் சரியாக அடுக்கினாலே கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஊரை மாற்றத் தேவையில்லை.

ஊரை மாற்றினால் மாறுவது தரையில் ஆகும் செலவு. விமானச் சரக்கு என்று பெயர்தான், அது வானத்தில் கழிக்கும் நேரம் குறைவு. அனுப்புபவரின் கதவிலிருந்து வாங்குபவரின் கதவுக்குப் போக பல நாள் ஆனால், அதில் பறக்கும் நேரம் ஒரு நாள்கூட இருக்காது. மீதியெல்லாம் கொடவுன், கஸ்டம்ஸ், லாரி வரிசை. பெரிய நிலையத்தில் இறங்கிய பேலட்டை (பெட்டிகளை அடுக்கிக் கட்டிய தட்டு) உடைத்துப் பிரித்து அடுக்கவே நேரமாகும். பண்டிகை சீசனில் கேட்கவே வேண்டாம். சரக்கைக் குறிப்பிட்ட காலத்துக்குள் எடுக்காவிட்டால் அதற்கும் தனி வாடகை.

லாரிக்காரரின் கதை இதைவிடச் சிக்கலானது. நீண்டதூர ஓட்டுநர்களுக்கு அமெரிக்காவில் ஒரு விதி உண்டு: வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள்தான் வண்டி ஓட்டலாம். அதிலும் 11 மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. அப்புறம் 10 மணி நேர ஓய்வு கட்டாயம். சரக்குக்காக வாசலில் சும்மா காத்திருக்கும் நேரமும் பொதுவாக அந்த 14 மணி நேரத்தில்தான் கழியும். சிகாகோவிலிருந்து கொலம்பஸுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேர ஓட்டம். காலையில் வந்த ஓட்டுநர் ஒன்பது மணி நேரம் காத்திருந்துவிட்டால் அன்றைக்கு ஊர்போய்ச் சேர முடியாது. காத்திருப்புக் கட்டணம் ஒரு பக்கம், ஒரு நாள் தாமதம் இன்னொரு பக்கம். எரிபொருளையும் தூரத்தையும்விட இந்த ஒரு நாள்தான் கணக்கைப் புரட்டிப் போடுகிறது. சரக்கு நாளைக்கு வருமா, நாளை மறுநாளா என்று தெரியாத வியாபாரி கையிருப்பைக் கூட்டி வைப்பார். கையிருப்பு என்றால் முடங்கிய பணம்.

ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன், உண்மை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய நிலையத்துக்குக் கிலோ 4 டாலர், சிறியதற்கு 4.15 என்று வைத்துக்கொள்வோம். 10 டன் சரக்குக்கு சிறிய நிலையம் 1,500 டாலர் அதிகம். நீண்டதூர லாரி வாடகை, காத்திருப்பு, கிடங்கு வாடகை மூன்றும் சேர்ந்து 1,500ஐத் தாண்டினால் சிறிய நிலையம்தான் மலிவு. கிலோ விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைக்கும் வாடிக்கையாளருக்கு இது தெரியவே வராது.

ரிக்கன்பேக்கருக்கு இது வாய்த்ததில் வரலாற்றின் பங்கும் உண்டு. 1942இல் லாக்போர்ன் என்ற பெயரில் ராணுவத் தளமாகத் திறக்கப்பட்டது. பனிப்போர்க் காலத்தில் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் அங்கே நின்றன. 1974இல் முதல் உலகப் போரின் விமான வீரர், கொலம்பஸில் பிறந்த எடி ரிக்கன்பேக்கரின் பெயர் சூட்டப்பட்டது. இரண்டு இணையான ஓடுபாதைகள், இரண்டுமே 3,600 மீட்டருக்கு மேல். நிறைசுமை 747க்கு அந்த நீளம் தாராளம். ஒரு சின்ன ஊர் இப்படியொரு ஓடுபாதையைச் சரக்குக்காக மட்டும் போட நினைத்தால் கடனில் மூழ்கிவிடும். இங்கே ராணுவம் முன்பே செலவழித்துவிட்டது. பெல்ஜியத்தின் லியேஜ் நிலையமும் பழைய ராணுவத் தளம்தான்.

நீளமான ஓடுபாதை மட்டும் விமானத்தை வரவழைக்காது. சரக்கு வேண்டும். தி லிமிடெட் என்ற துணிக்கடை 1963இல் தொடங்கியது கொலம்பஸில்தான். அதிலிருந்து வளர்ந்த குழுமத்தின் கைக்குப் பின்னாளில் வந்ததுதான் விக்டோரியாஸ் சீக்ரெட் என்ற உள்ளாடை நிறுவனம். ஆபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் என்ற ஆடை நிறுவனத்தின் தலைமையகமும் பக்கத்திலேயே. ஃபேஷன் துணி சீசன் தவறினால் தள்ளுபடிக்குத்தான் போகும், ஆகவே கப்பலுக்குக் காத்திருக்காமல் விமானத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். விக்டோரியாஸ் சீக்ரெட்டுக்குத் தைத்துக்கொடுத்தே பெரிதாக வளர்ந்த நிறுவனம் இலங்கையின் மாஸ் ஹோல்டிங்ஸ் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நிலையத்தை ஒட்டி 2008இல் நார்ஃபோக் சதர்ன் ரயில் நிறுவனம் கன்டெய்னர் முனையம் திறந்தது. வந்த சரக்கை உடனே வரி கட்டாமல் வைத்திருக்க அங்கே தீர்வையற்ற வர்த்தக மண்டலமும் இருக்கிறது.

சரி, போகும்போது விமானம் எதை ஏற்றிக்கொண்டு போகும்? சிறிய நிலையங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வருகிற சரக்கு அதிகம், திரும்புகிறது குறைவு. காலியாகத் திரும்பினால் அந்தச் செலவும் வரும் சரக்கின் தலையில்தான் விழும். அதனால் பல நிறுவனங்கள் முக்கோணமாகப் பறக்கின்றன: சின்ன ஊரில் இறக்கிவிட்டு, பக்கத்துப் பெரிய நிலையத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்.

ஒரே வாடிக்கையாளரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஓஹையோவிலேயே சாட்சி இருக்கிறது. வில்மிங்டன் என்ற சிறு நகரின் விமான நிலையம் டிஎச்எல் என்ற கூரியர் நிறுவனத்தின் மையமாக இருந்தது. 2008இல் அமெரிக்க உள்நாட்டுக் கூரியர் தொழிலைக் கைவிடுவதாக டிஎச்எல் அறிவித்ததும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கிடங்கு கட்டி, லாரி ஒப்பந்தம் போட்ட பிறகு விமானம் நின்றுபோனால், மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே மாதத்தில் போய்விடும். நிலையத்தைத் தேர்ந்தெடுப்பவர் வாரத்துக்கு எத்தனை விமானம், எத்தனை நிறுவனங்களுடையவை என்று முதலில் கேட்கவேண்டும்.

இரவையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் 2011 முதல் இரவு 11 மணியிலிருந்து அதிகாலை 5 மணிவரை பறக்கத் தடை. அதே ஜெர்மனியின் லைப்சிக்கில் சரக்கு விமானம் இரவெல்லாம் இறங்கலாம். டிஎச்எல் தன் ஐரோப்பிய மையத்தை 2008இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து அங்கே மாற்றியதற்கு இரவுப் பறப்பு முக்கியக் காரணம். மாலையில் எடுத்த பார்சலைக் காலையில் கொடுக்கும் தொழிலுக்கு இரவு போய்விட்டால் எல்லாம் போனது.

நம் திருச்சியில் இதே கேள்விக்கு வேறு விடை. அங்கிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் காய்கறி போவது பயணிகள் விமானத்தின் வயிற்றில். விமானச் செலவின் பெரும்பகுதியைப் பயணிகளின் டிக்கெட்டே தாங்கிவிடுவதால் சரக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. காலையில் பறித்த காய் சென்னைவரை லாரியில் வாடவும் வேண்டாம். ஆனால் அந்த விமானங்கள் பெரும்பாலும் ஏ320, 737 போன்ற குறுகிய உடல் ரகம். சரக்கறையின் கதவு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம்தான். முருங்கைக்காய்ப் பெட்டி நுழையும். ஆளுயர இயந்திரத்தை அனுப்ப வேண்டியவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ லாரி பிடிக்கத்தான் வேண்டும்.