அணிலைக் கண்ட சிப்பிப்பாறைக்கு ஏன் காது கேட்பதில்லை?

“பக்கத்து வீட்டு லாப்ரடார் ஒரு பிஸ்கட்டுக்குச் சொன்னதெல்லாம் செய்கிறது, எங்கள் சிப்பிப்பாறையோ அணிலைக் கண்டு ஓடத் தொடங்கிவிட்டால், தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்புவதில்லை. நாட்டு நாய்க்கு அறிவு மட்டா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அறிவு மட்டில்லை, அது வேறு வேலைக்காக வளர்க்கப்பட்ட நாய்.

நாய் ஓநாயின் வழிவந்தது என்பது பள்ளியில் படித்ததுதான். ஓநாயின் வேட்டை உற்றுநோக்கல், பதுங்கி நெருங்கல், துரத்தல், கவ்வல், கொல்லும் கடி, கிழித்துத் தின்னல் எனச் சங்கிலியாக நடக்கிறது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்தபோது, இச்சங்கிலியின் சில கண்ணிகள் தடித்தன, சில தேய்ந்தன என்று அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் விளக்கினார். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி முறைக்கும், பதுங்கும், துரத்தும், கடியோ தேய்ந்துவிட்டது. லாப்ரடார், சுட்டு வீழ்த்திய வாத்தை நசுக்காமல் கவ்வி வந்து கொடுக்கும். முயல் வேட்டைக்கு வளர்த்த சிப்பிப்பாறையிலும் கன்னி என்ற நாட்டு நாயினத்திலும் தடித்திருப்பது துரத்தல்.

இதில் என்னை வியக்க வைப்பது, தடித்த கண்ணியை நிகழ்த்துவதே நாய்க்குப் பரிசாகிவிடுகிறது என்பதுதான். சிப்பிப்பாறை பசிக்காக அணிலைத் துரத்துவதில்லை, துரத்துவதற்காகவே துரத்துகிறது. விருந்தை உண்டுகொண்டிருப்பவரிடம் பிஸ்கட்டை நீட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் அங்கே ஆகிறது. லாப்ரடாரின் கீழ்ப்படிதலிலும் வயிற்றுக்குப் பங்குண்டு: பசியை அடக்கும் மரபணு ஒன்றின் சிறு துண்டு ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு விடுபட்டிருப்பதாகவும், அவை உணவுக்குக் கூடுதலாக ஏங்குவதாகவும் 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

எனவே, ஓடத் தொடங்கிய பிறகு கத்துவதில் பயனில்லை. அதற்கு முன்பே காது முன்னோக்கிக் குவியும், மூச்சிரைத்த வாய் சட்டென்று மூடும், ஒரு முன்னங்கால் அந்தரத்தில் நிற்கும். சங்கிலி உற்றுநோக்கலில் நிற்கும் அந்த அரை நொடியில் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். முதலில் அணில் இல்லாத இடத்தில், நீண்ட கயிற்றில் கட்டியே பழக்குவது நல்லது. திரும்பி வந்தால் பிஸ்கட் வேண்டாம். கம்பு நுனியில் கயிறு கட்டி, அதில் முடிந்த கந்தல் துணியைத் தரையில் இழுத்தோடித் துரத்த விடுங்கள்.

இனமே எல்லாம் என்பதும் மூடநம்பிக்கைதான். 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் விவரம் திரட்டி 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. துரத்தலை வெறுத்து மடியில் சுருளும் சிப்பிப்பாறையும் உண்டு. 2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்ட அரசு, நம் நாட்டு நாய்களின் நடத்தை ஆய்வுக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, உங்கள் நாய் எந்தக் கண்ணியில் கிளர்ச்சியடைகிறது என்பதை ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள்.