30-ஆ, 60-ஆ? பிரிந்துபோன நிரல்களை ஒப்பிடும் கலை

ஒரே மென்பொருளின் இரண்டு களஞ்சியங்கள், அதாவது நிரலையும் அதன் மாற்றங்களையும் சேமித்துவைக்கும் கிடங்குகள். ஒன்றில் மறுமொழிக்காக 30 விநாடி காத்திருக்கச் சொல்லும் வரி இருக்கிறது. மற்றொன்றில் அதே வரியில் 60. மாற்றியவர் யார்? இவ்விரண்டு வரிகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை வராது. இவர் 60-ஐக் குறைத்திருக்கலாம், அவர் 30-ஐக் கூட்டியிருக்கலாம். பிரிந்துபோன நிரல்களை ஒப்பிடுவதன் சிக்கலெல்லாம் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

பிரிவது இத்துறையில் வாடிக்கை. 1995-இல் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்திலிருந்து ஓப்பன்பிஎஸ்டி பிரிந்தது. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்திலிருந்து லிப்ரேஎஸ்எஸ்எல். ஆனால் தனிக்குடித்தனம் போனாலும் பழைய பிழைகள் கூடவே வரும். ஒருவர் அடைத்த பாதுகாப்பு ஓட்டை மற்றவரிடம் இன்னும் திறந்தே கிடக்கலாம். ஆகவே ஒப்பிடும் வேலைக்கு ஓய்வில்லை.

வரிக்கு வரி வேறுபாடு காட்டும் டிஃப் கருவி 1970-களில் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் இயங்குதளத்துக்காகப் பிறந்தது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருள் இன்று இயல்பாகப் பயன்படுத்துவது யூஜின் மையர்ஸ் 1986-இல் வெளியிட்ட வழிமுறையை: முதல் கோப்பை இரண்டாவதாக மாற்ற மிகக் குறைவாக எத்தனை வரிகளை நீக்கிச் சேர்க்க வேண்டும் என்று அது தேடுகிறது. வரியின் பொருள் அதற்குத் தெரியாது. ஒருமுறை ஒரு கோப்பின் அத்தனை வரிகளும் மாறிவிட்டதாக அது காட்ட, அரை நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் பார்த்தால், வரி முடிவைக் குறிக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து மட்டுமே வேறாக இருந்தது. விண்டோஸ் அதற்கு இரண்டு எழுத்துகளை இடும், யுனிக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும்.

30-ஆ 60-ஆ என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது சாட்சி வேண்டும்: இரண்டும் பிரிவதற்கு முந்தைய பொது மூதாதை. அதில் 30 இருந்தால் மாற்றியவர் இரண்டாமவர். 60 இருந்தால் முதலாமவர். 45 இருந்தால் இருவருமே கைவைத்திருக்கிறார்கள். அங்கே மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்த மூதாதையைக் கண்டுபிடிப்பதில்தான், 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட், கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறது. கமிட் எனப்படும் ஒவ்வொரு மாற்றப் பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும், பொதுவாக 40 இலக்கமுள்ள பதினறும எண் உண்டு. கோப்புகளின் நிலை, தேதி, எழுதியவர், முந்தைய கமிட்டின் எண் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே பிரிவதற்கு முந்தைய கமிட்டுகள் எந்தக் கணினியில் இருந்தாலும் ஒரே எண்ணைத்தான் தாங்கியிருக்கும். மற்றவருடைய களஞ்சியத்தை ரிமோட்டாக (தொலைவிலுள்ள களஞ்சியமாக)ச் சேர்த்து அதன் கமிட்டுகளை இறக்கிக்கொண்டால் போதும். இரு பக்கத்துக் கடைசிக் கமிட்டுகளான முனைகளிலிருந்தும் பின்னோக்கி நடந்து, தடங்கள் கூடும் இடத்தை கிட் காட்டிவிடும்.

இங்கே பலரை இடறிவிடுவது ஒரு புள்ளி. டிஃப் கட்டளையில் இரு கிளைகளின், அதாவது தனித்தனியாக வளரும் கமிட் வரிசைகளின், பெயர்களுக்கு நடுவே இரண்டு புள்ளி வைத்தால் இரு முனைகளும் நேருக்கு நேர் ஒப்பிடப்படும். மூன்று புள்ளி வைத்தால் மூதாதைக்கும் இரண்டாவது முனைக்கும் இடையிலான மாற்றம் மட்டுமே வரும். "அவர்கள் என்ன செய்தார்கள்" என்று அறிய விரும்புபவர் இரண்டு புள்ளியோடு நின்றால், தான் சேர்த்த வரிகளை அவர்கள் நீக்கிவிட்டதாக நினைத்துக் கொதிப்பார். இந்தக் குறியீட்டை வகுத்தவர்கள் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம்.

ஒரே திருத்தத்தை இருவரும் தத்தம் பக்கம் சேர்த்துக்கொண்டால்? முந்தைய கமிட் வேறு என்பதால் எண்ணும் வேறாகிவிடும். புதிய மாற்றம்போலத் தோன்றும். அதற்காகவே பேட்ச்-ஐடி இருக்கிறது. வரி எண்களையும் இடைவெளிகளையும் ஒதுக்கிவிட்டு, மாற்றத்திலிருந்து மட்டும் ஓர் எண்ணைக் கணக்கிடுகிறது. செர்ரி என்ற கட்டளை அதைக் கொண்டு, ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த கமிட்டுகளுக்குக் கழித்தல் குறியும் சேராதவற்றுக்குக் கூட்டல் குறியும் இடும்.

எல்லாவற்றிலும் மோசமான நிலை, வரலாற்றை விட்டுவிட்டுக் கோப்புகளை மட்டும் நகலெடுத்துப் புதுக் களஞ்சியம் தொடங்கியிருப்பது. அங்கே பொது மூதாதையே கிடையாது. ஆனாலும் ஒரு துப்பு மிஞ்சுகிறது. ஒரு கமிட்டில் உள்ள கோப்புகளின் மொத்த அடுக்குக்கு கிட் கொடுக்கும் தனி எண்ணில் தேதியோ ஆளின் பெயரோ சேர்வதில்லை. நகலின் முதல் கமிட்டில் உள்ள அந்த எண்ணை, மூலத்தின் ஒவ்வொரு கமிட்டிலும் தேடிப் பார்க்கலாம். நகலெடுத்தவர் எதையும் தொடாமல் இருந்திருந்தால் எங்கோ ஓரிடத்தில் அச்சாகப் பொருந்தும். பிறகு ரிப்ளேஸ் கட்டளையால் அந்த இடத்தையே நகலின் முதல் கமிட்டுக்குப் பெற்றோராக, அதாவது முந்தைய கமிட்டாக ஒட்டிவிட்டால், 30-ஆ 60-ஆ என்று கிட்டிடமே கேட்கலாம்.