ஒரு சொட்டு ரத்தம் கல்லீரலைப் பற்றி என்ன சொல்லும்?

கல்லீரல் கெட ஆரம்பித்தாலும் பெரும்பாலும் வலிக்காது. கண் மஞ்சளான பிறகுதான் பலருக்குச் சந்தேகமே வருகிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள ரத்தப் பரிசோதனை ஒரு முக்கிய வழி. ஆய்வக முடிவு வர மணிக்கணக்கில் ஆகலாம். விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டை வைத்துப் படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் பார்த்துவிடும் கருவிகளும் உண்டு.

அவை தேடும் முக்கியமான பொருள் ஏ.எல்.டி. கல்லீரல் செல்லுக்குள் இருக்கவேண்டிய நொதி இது. செல் சேதமானால் ரத்தத்தில் கசிந்துவிடும். லிட்டருக்குச் சுமார் 40 யூனிட் வரை இயல்பு. பாராசிட்டமால் அளவு மீறினால் ஆயிரக்கணக்கில் ஏறும்.

பரிசோதனைப் பட்டையில் விட்ட சொட்டு முதலில் கண்ணாடி இழைப் படலத்தில் இறங்குகிறது. சிவப்பணுக்கள் அங்கேயே சிக்கிக்கொள்ள, பிளாஸ்மா மட்டும் கீழே போகிறது. அங்கு ஏற்கெனவே தடவி வைத்திருக்கும் அலனின் என்ற அமினோ அமிலத்தை ஏ.எல்.டி பைருவேட்டாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அந்தப் பைருவேட்டிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்க, அது ஒரு சாயத்துக்கு நிறம் ஏற்றுகிறது. கருவி பட்டையை 37 டிகிரியில் வைத்து, ஒளி பாய்ச்சி, நிறம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளக்கிறது. விரலை அழுத்திப் பிழிந்தால் சிவப்பணுக்கள் உடைந்து முடிவு தவறிப்போகும். ரத்தம் தானாகத் துளிர்க்க விடுவதே சரி.

காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது பெரிய உதவி. ஐசோனியாசிட், பைராசினமைடு இரண்டுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. வாந்தி, மஞ்சள் காமாலை போன்ற அறிகுறிகளோடு ஏ.எல்.டி இயல்பைவிட 3 மடங்கு தாண்டினாலோ, அறிகுறியே இல்லாமல் 5 மடங்கு தாண்டினாலோ, மருத்துவர் அந்த மருந்துகளை நிறுத்திவைப்பார்.

ஆனால் ஏ.எல்.டி சொல்வது செல்லின் சேதத்தை மட்டும்தான். கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அது சொல்லாது. கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் முற்றியவருக்கும் ஏ.எல்.டி இயல்பாகவே இருக்கலாம். வேலைத்திறனை அறிய ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கவேண்டும். அதை ஐ.என்.ஆர் என்ற எண்ணாகச் சொல்வார்கள்; எண் ஏறினால் ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று அர்த்தம். அந்தப் பரிசோதனைக்கும் விரல் நுனிச் சொட்டே போதும். கல்லீரல் தயாரிக்கும் அல்புமின் என்ற ரத்தப் புரதம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 20 நாள் ஆகும். ஆனால் கல்லீரலே தயாரிக்கும், உறைதலுக்கு உதவும் 7-ஆம் காரணி சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். அதனால் கல்லீரல் திடீரெனச் செயலிழந்தால் ஐ.என்.ஆர் சீக்கிரமே ஏறத் தொடங்கும்.

ஏ.எல்.டி இறங்க, ஐ.என்.ஆர் ஏறிக்கொண்டே போவதுதான் மிக ஆபத்தான நிலை. கசிவதற்குச் செல்களே மிச்சமில்லை என்று அதற்கு அர்த்தமாக இருக்கலாம். கல்லீரல் மாற்று சிகிச்சை மையத்துடன் அப்போதே பேசியாக வேண்டும்.