ஒரே டார் கோப்பிலிருந்து முழு டிஸ்க்கை மீட்பது எப்படி?

ஒரு லினக்ஸ் சர்வரின் டிஸ்க் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புது டிஸ்க் மாட்டியாகிவிட்டது. பழைய கோப்புகள் எல்லாம் வேறொரு இயந்திரத்தில் ஒரே டார் கோப்பாக (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய காப்பகம்) பத்திரமாக இருக்கின்றன. அதை விரித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதற்குள் இருப்பவை கோப்புகள் மட்டும்தான். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை, கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைமை, கணினியைத் தொடங்கிவைக்க டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதியிருந்த பூட் குறிமுறை எதுவும் அதில் வராது. அதையெல்லாம் நாம்தான் கட்டளை வரியில் ஒவ்வொன்றாகத் திரும்ப உருவாக்க வேண்டும்.

டிடி கட்டளையால் டிஸ்க்கைப் பைட் பைட்டாக நகலெடுத்திருந்தால் இந்த வேலை மிச்சம்தான். ஆனால் 500 ஜிபி டிஸ்க்கில் 40 ஜிபி மட்டுமே தரவு இருந்தாலும் 500 ஜிபியையும் படித்து எழுத வேண்டும். புது டிஸ்க் கொஞ்சம் சிறியதாக இருந்தால் அடங்காது. பெரியதாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு: ஜிபிடி என்ற வகைப் பார்ட்டிஷன் அட்டவணை தன் மறுபிரதியை டிஸ்க்கின் கடைசியில் வைப்பது வழக்கம், பெரிய டிஸ்க்கில் அந்தப் பிரதி நடுவில் எங்கோ மாட்டிக்கொள்ளும், எஸ்ஜிடிஸ்க் கட்டளையை வைத்து அதைக் கடைசிக்கு நகர்த்த வேண்டும். எந்த அளவு டிஸ்க்கிலும் விரிக்க முடிகிறது என்பதற்காகவே எனக்குக் கோப்பு அளவிலான பேக்கப்தான் பிடிக்கும்.

டார் 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது, காந்த நாடாவுக்காக எழுதப்பட்டது. நாடாவில் நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது என்பதால் அதன் அமைப்பு முழுக்க வரிசையானது. முதலில் 512 பைட்டில் ஒரு தலைப்பு, அதன்பின் கோப்பின் உள்ளடக்கம், 512இன் மடங்கு வரும்வரை பூஜ்யங்கள், அப்புறம் அடுத்த கோப்பின் தலைப்பு. தலைப்பின் முதல் 100 பைட் கோப்பின் பெயருக்கு. தொடர்ந்து அனுமதிகள், உரிமையாளர் எண், குழு எண், அளவு, கடைசியாக மாற்றிய நேரம் என்று வரும், எண்கள் எல்லாம் எட்டடிமான முறையில் சாதாரண எழுத்துகளாகவே எழுதியிருக்கும். மொத்தத்துக்கும் ஓர் உள்ளடக்கப் பட்டியல் எங்கும் கிடையாது. கடைசியில் இருக்கும் ஒரு சின்னக் கோப்பை எடுக்க முழுக் காப்பகத்தையும் கடந்துதான் போக வேண்டும் என்பது அதனால்தான். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: நடுவில் சில பைட்டுகள் கெட்டுப்போனால் டார் அடுத்த சரியான தலைப்பைத் தேடிப் பிடித்து மீதியை விரித்துவிடும். ஜிஜிப்பால் சுருக்கிய காப்பகத்தில் இது நடக்காது, கெட்ட இடத்துக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் போனதுதான்.

சரி, மீட்புக்கு வருவோம். டிஸ்க்கில் எதுவும் இல்லாமலே லினக்ஸ் ஓடும் ஒரு லைவ் யுஎஸ்பியில் கணினியைத் தொடங்குகிறோம். பழைய டிஸ்க் உயிரோடு இருந்தபோதே எஸ்எஃப்டிஸ்க் கட்டளை தரும் பார்ட்டிஷன் விவரப் பட்டியலை (டம்ப்) ஒரு சிறு உரைக்கோப்பாக எடுத்து வைத்திருந்தால், அதை அதே கட்டளைக்கு உள்ளீடாகக் கொடுத்தால் பார்ட்டிஷன்கள் பழையபடி வந்துவிடும். அப்புறம் எம்கேஎஃப்எஸ் கட்டளையால் கோப்பு முறைமையை உருவாக்கி, அதை ஓர் அடைவில் இணைத்து (மவுன்ட் செய்து), எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக டார் கோப்பை விரிக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. லினக்ஸின் மையமான கர்னலுக்குப் பயனர் பெயர்கள் தெரியாது, எண்கள்தான் தெரியும். டார் தலைப்பிலோ பெயரும் எண்ணும் இரண்டுமே இருக்கும், விரிக்கும்போது குனு டார் பெயருக்குத்தான் முன்னுரிமை கொடுக்கும். நம் சர்வரில் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்கான பயனரின் எண் 114, லைவ் யுஎஸ்பியில் அதே பெயருக்கு 120 என்றால், தரவுத்தளக் கோப்புகள் எல்லாம் 120க்குச் சொந்தமாகிவிடும். புது டிஸ்க்கிலிருந்து தொடங்கியதும் 114 எண்ணுள்ள போஸ்ட்கிரஸால் தன் கோப்புகளையே திறக்க முடியாது. விரிக்கும்போது எந்தப் பிழைச்செய்தியும் வந்திருக்காது. நியூமெரிக்-ஓனர் என்ற தெரிவைச் சேர்த்தால் டார் பெயரைப் பார்க்காமல் எண்ணை அப்படியே போட்டுவிடும், முழு சிஸ்டத்தை மீட்கும்போது அதை விடவே கூடாது.

படிப்படியான பேக்கப்பில் வேறொரு ஆபத்து. ஞாயிறு முழு பேக்கப், மற்ற நாட்களில் மாறியவை மட்டும் என்று எடுக்கிறோம். வேலையை விட்டுப் போன ஒருவரின் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) சாவிக் கோப்பைச் செவ்வாயன்று நீக்கியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை டிஸ்க் போகிறது. காப்பகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா விரித்தால் ஞாயிற்றுக்கிழமைக் காப்பகத்திலிருந்து அந்தச் சாவி திரும்பி வந்துவிடும், அவரால் மறுபடி உள்ளே நுழைய முடியும்! இதற்காகத்தான் குனு டாரின் படிப்படியான முறையில் ஒவ்வொரு அடைவோடும் அந்த நேரத்தில் அதில் இருந்த எல்லாப் பெயர்களின் பட்டியலும், மாறாதவை உட்பட, சேர்த்து எழுதப்படுகிறது. விரிக்கும்போதும் அதே முறையைக் குறிப்பிட்டால் பட்டியலில் இல்லாததை டார் அழித்துவிடும். பழைய ரிஸ்டோர் கட்டளையும் இதைச் செய்யும், ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குத் தேவையான தகவலை ரிஸ்டோர்சிம்டேபிள் என்ற கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும்; கடைசிச் சுற்று முடியும்வரை அதை அழிக்கக் கூடாது.

கோப்புகள் வந்துவிட்டன, இன்னும் பூட் ஆகாது. எம்கேஎஃப்எஸ் ஒவ்வொரு முறையும் கோப்பு முறைமைக்குப் புது யுயுஐடி (அடையாள எண்) கொடுக்கும், ஆனால் எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலும், சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் க்ரப் நிரலின் அமைப்பிலும் பழைய எண்தான் இருக்கும். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் புது எண்ணை எஃப்எஸ்டேப்பில் மாற்றலாம், அல்லது எம்கேஎஃப்எஸ் செய்யும்போதே பழைய எண்ணைக் கொடுத்துவிடலாம், எனக்கு இரண்டாவதுதான் வசதி. பேக்கப்பில் சிஸ்டம் ஓடும்போது மட்டும் நிரம்பும் ப்ராக், சிஸ், டெவ், ரன் அடைவுகளை விலக்கியிருந்தால் அவற்றைக் காலியாகவாவது உருவாக்க வேண்டும், மவுன்ட் செய்ய இடம் வேண்டுமே. பிறகு லைவ் யுஎஸ்பியின் டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் உள்ளேயும் தெரியும்படி பைண்ட் மவுன்ட் செய்து, மீட்ட அடைவையே ரூட்டாகக் காட்டும் சிஎச்ரூட் கட்டளை மூலம் மீட்ட சிஸ்டத்துக்குள் நுழைந்து, க்ரப்பை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பைப் புதிதாக எழுதவைக்க வேண்டும்.

பேக்கப்பை முன்கூட்டியே சோதித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று தரவுத்தள அடைவு தவறுதலாக அழிந்தபோது, வழக்கமான தரவுத்தள பேக்கப் போஸ்ட்கிரஸ் பதிப்புகள் பொருந்தாமல் அதற்கு முன்பிருந்தே தோற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவர்களைக் காப்பாற்றியது சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு வேறு காரியத்துக்காகக் கையால் எடுத்த ஓர் எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையின் நகல்).

உங்கள் காப்பகம் விரியுமா என்று பார்க்க இன்னொரு டிஸ்க் வாங்க வேண்டியதில்லை. ட்ரங்கேட் கட்டளையால் 60 ஜிபி காலிக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். எழுதும்வரை அது இடம் பிடிக்காது. அதன்மேல் எம்கேஎஃப்எஸ் ஓட்டி, லூப் முறையில் (கோப்பையே ஒரு டிஸ்க் போல) மவுன்ட் செய்து, ரூட்டாகக் காப்பகத்தை விரியுங்கள். விரித்ததும் டாரையே ஒப்பீட்டு முறையில் நியூமெரிக்-ஓனரோடு ஓட்டினால் உள்ளடக்கம், உரிமையாளர், நேரம் எதில் வேறுபாடு இருந்தாலும் கோப்பின் பெயரோடு சொல்லும்.