இரண்டு பேர் பட்டறை பத்துப் பேர் பட்டறையாக என்ன தேவை?

சிறுதொழிலை வளர்த்து வேலை உருவாக்குவோம் என்று தொடங்கும் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் காட்டுகின்றன: இத்தனை பேருக்குக் கடன் கொடுத்தோம். கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் தனியாளாகவோ குடும்பத்தோடோ தொழில் செய்பவர்கள். பல ஆண்டு கழித்தும் அப்படியேதான் இருப்பார்கள். அது அவர்களுடைய பிழைப்பு, அதைக் காப்பதும் முக்கியம். ஆனால் வெளியாள் ஒருவர் மாதச் சம்பளம் வாங்கத் தொடங்குவது, இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் பட்டறை பத்துப் பேரை வைத்துக்கொள்ளும் நிலைக்கு வரும்போதுதான். ஆறு நாடுகளில் நடந்த நுண்கடன் ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. கடன் வாங்கியவர்கள் தொழிலை ஓரளவு விரித்தார்கள், குடும்ப வருமானம் பெரிதாக உயரவில்லை என்பதுதான் அவற்றின் பொதுவான முடிவு.

வளர வேண்டிய பட்டறை எங்கே தடுக்கி விழுகிறது? பல சமயம் ஆர்டர் இல்லாததால் அல்ல, பெரிய ஆர்டர் வந்ததால்.

கணக்கைப் பாருங்கள். மூலப்பொருள் 20 நாள் கையிருப்பில் கிடக்கிறது. உற்பத்திக்கு 10 நாள். சரக்கு வாங்கியவர் 60 நாள் கழித்துப் பணம் தருகிறார். மூலப்பொருள் கொடுத்தவருக்கு 15 நாளில் கட்டியாக வேண்டும். 20, 10, 60 மூன்றையும் கூட்டி 15ஐக் கழித்தால் 75 நாள். மாதச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால் (ஒரு பங்கு எத்தனை ரூபாயாகவும் இருக்கலாம்), ஏறத்தாழ 250 பங்கு பணம் எப்போதும் சரக்கிலும் பில்லிலும் சிக்கியிருக்கும். ஆர்டர் இரட்டித்தால் 500 பங்கு வேண்டும். மாத லாபம் 10 பங்காக இருந்த பட்டறை, அந்த லாபத்தைச் சேர்த்தே கூடுதல் 250ஐத் திரட்ட நினைத்தால் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆர்டர் அதுவரை காத்திருக்காது. முதலாளி கந்துவட்டிக்குப் போகிறார், சம்பளம் தள்ளிப்போகிறது. சம்பளம் தள்ளினால் முதலில் வெளியேறுபவர் கைத்திறன் மிக்க ஆள். அவர் போனதும் சரக்கு திரும்பி வரத் தொடங்குகிறது. ஏட்டில் லாபம் தெரியும்போதே பட்டறை மூடப்படுவது இப்படித்தான்.

அதனால் கடன் தேடுவதற்கு முன் நாட்களைக் குறைக்க வேண்டும். பணம் வரும் காலத்தை 60 நாளிலிருந்து 45ஆகக் குறைத்தாலே தேவை 250இலிருந்து 200 பங்காக இறங்கும். பெரிய ஆர்டருக்கு மூலப்பொருள் செலவையாவது அட்வான்ஸாகக் கேளுங்கள். முழு ஆர்டரையும் முடித்து ஒரே பில் போடாமல், அனுப்பும் ஒவ்வொரு பகுதிக்கும் தனி பில் போடுங்கள். பணம் தாமதமாவதற்கு வாங்குபவரின் அலட்சியம் மட்டும் காரணமில்லை. ஆர்டர் எண் பில்லில் தவறியிருக்கும், அல்லது சரக்கு வந்துசேர்ந்ததற்கான கையெழுத்து இருக்காது. இதற்காகவே பில்கள் வாரக்கணக்கில் கிடக்கின்றன.

அரசோ வங்கியோ செய்யக்கூடிய பெரிய உதவியும் இங்கேதான் இருக்கிறது. மெக்சிகோவின் வளர்ச்சி வங்கியான நாஃபின் 2001இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. பெரிய நிறுவனம் சிறு பட்டறையின் பில்லை இணையத்தில் ஏற்றுக்கொண்டால், அதன் பேரில் பட்டறைக்குப் பணம் உடனே கிடைக்கும். கடைசியில் கட்டப்போவது பெரிய நிறுவனம் என்பதால் அதன் நம்பகத்தன்மையை வைத்தே வட்டி அமைகிறது. சிறியவரிடம் அடமானம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கும் நிறுவனம் பில்லை ஏற்பதைத் தள்ளிப்போட்டால் ஏற்பாடு முழுவதும் முடங்கிவிடும். ஏற்பதற்கு ஒரு கெடு வைத்தே ஆக வேண்டும்.

இயந்திரத்துக்கான கடன் வேறு வகை. ஓராண்டில் கட்ட வேண்டிய கடனை வாங்கி, ஐந்தாண்டு உழைக்கும் இயந்திரத்தில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தவணை தொடங்கும் நாளும் முக்கியம். கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு முதல் தவணை இரண்டு வாரத்தில், இன்னொரு பிரிவினருக்கு இரண்டு மாதத்தில் தொடங்கியது. அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் அதிகம் முதலிட்டார்கள், மூன்றாண்டு கழித்து அவர்களுடைய லாபமும் கூடியிருந்தது. அதே பிரிவில் கடன் கட்டத் தவறியவர்களும் கூடினார்கள். எல்லோருக்கும் அவகாசம் தருவதைவிட, கணக்கு எழுதும் பழக்கமும் கையில் ஆர்டரும் உள்ளவர்களுக்குத் தருவதே சரி என்பது எங்கள் கருத்து.

புது ஆளைச் சேர்க்குமுன் ஒரு வகுத்தல் போதும். சம்பளம், காப்பீடு, விடுப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 12 பங்கு, விற்பனையில் மூலப்பொருள் போக மிஞ்சுவது 25 சதவீதம் என்றால், அந்த ஆளுக்காக மாதம் 48 பங்கு கூடுதல் விற்பனை வேண்டும். அது உறுதியாகத் தெரிய வேண்டும், மூன்று மாதச் சம்பளம் தனியாக இருக்க வேண்டும்.

பயிற்சியிலும் எல்லாம் ஒன்றல்ல. டோகோவின் லோமே நகரில் 1,500 சிறு தொழில்முனைவோரிடம் நடந்த ஆய்வில், தானாக முன்வந்து வாய்ப்பைத் தேடவும் தடையை முன்கூட்டியே எண்ணித் திட்டமிடவும் கற்றவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான தொழில் பாடம் படித்தவர்களிடம் தெரிந்த உயர்வு 11 சதவீதம். அதுவும் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. கணக்குப் பாடம் வேண்டாம் என்பதல்ல, அது மட்டும் போதாது.

சிலரைத் தேர்ந்து பெரிய தொகை தருவது அநியாயமாகத் தோன்றலாம், ஆனால் அதற்குப் பலன் இருக்கிறது. நைஜீரியாவில் 2011இல் தொடங்கிய தொழில் திட்டப் போட்டியில் வென்றவர்களுக்குச் சராசரியாகச் சுமார் 50,000 டாலர் மானியம் கிடைத்தது. குறித்த இலக்கை எட்ட எட்டத் தவணையாகக் கொடுத்தார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, வென்றவர்களின் தொழில்கள் பத்துப் பேருக்கு மேல் வேலை தரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகவும் கூடியிருந்தது.

வேலைகளை எண்ணும்போது நேர்மை வேண்டும். உள்ளூரில் மட்டும் விற்கும் தையல் கடைகளில் ஒன்றுக்குக் கடன் கொடுத்தால், அதில் கூடும் ஆள் பக்கத்துக் கடையில் குறையலாம். வட்டாரத்துக்கு வெளியே விற்கும் பட்டறைக்கும், வெளியிலிருந்து வந்த பொருளுக்கு மாற்றாக உள்ளூரில் செய்யும் பட்டறைக்கும் முன்னுரிமை கொடுங்கள். பகுதிநேர ஆட்கள் இருவரை ஒரு முழுநேர வேலையாகக் கணக்கிடுங்கள். உதவி நின்று 12 மாதத்திலும் 24 மாதத்திலும் சம்பளப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். அப்போதும் அதில் இருக்கும் பெயர்களை மட்டும் அறிக்கையில் எழுதுங்கள்.